வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கோலாலம்பூர், செந்தூலைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் கடிதம்:

"நானும் என் கணவரும் மாமியார் வீட்டில் இருக்கிறோம். எங்கள் இருவர் பெயரிலும் இதுவரை வீடு கிடையாது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் தொழிற்சாலையில் டெக்னீஷியன். 60,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறோம். செத்தாபாக்கில் கல்லூரிக்கு அருகே 1,000 சதுர அடி கொண்டோமினியம் ஒன்று 380,000 வெள்ளிக்கு வருகிறது. அதை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் 1,500 வெள்ளி கிடைக்கும், வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும் என்கிறார் முகவர். விலையை 430,000 என்று எழுதிக்கொண்டால் முன்பணமே தேவையில்லை, கையில் 7,000 மிஞ்சும் என்றும் சொல்கிறார். என் கணவரின் சித்தப்பா மகன் 1,200 வெள்ளிக்குக் குடிவரக் கேட்கிறார். சொந்தக்காரனுக்கு எதற்கு ஒப்பந்தம் என்கிறார் மாமியார். நாங்கள் இந்த வீட்டை வாங்கலாமா? வாங்கினால் எப்படி வாடகைக்கு விடுவது? சனிக்கிழமைக்குள் முன்பதிவுப் பணம் கட்ட வேண்டுமாம்."

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

சொத்து வாங்கல், விற்றல், வாடகைத் தகராறு ஆகியவற்றைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் அவை அனைத்தும் முகவர் சொன்ன ஒரே வாக்கியத்தின் மேல் நிற்கின்றன. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற அந்த வாக்கியம் இந்த வீட்டைப் பொறுத்தவரை உண்மையன்று. எனவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

380,000 வெள்ளி விலையில் 90 சதவீதம், அதாவது 342,000 வெள்ளி, 35 ஆண்டுகளுக்குக் கடனாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 1,514 வெள்ளி. வாடகை 1,500 என்பதால் இரண்டும் சமம் போலத் தோன்றும். முகவர் உங்களுக்குக் காட்டியது இந்தத் தோற்றத்தைத்தான். ஆனால் 1,500 வெள்ளி பன்னிரண்டு மாதமும் தவறாமல் வருவதில்லை. ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒரு மாதம் வாடகை இல்லை என்று கொள்வதே முறை. அப்படியானால் ஆண்டு வரவு 16,500. இதிலிருந்து பராமரிப்புக் கட்டணமும், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கென்று சேர்க்கும் சிங்கிங் ஃபண்டும் போக வேண்டும். சதுர அடிக்கு 30 காசு என்றால் மாதம் 300, ஆண்டுக்கு 3,600. சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரிக்கும் நில வரிக்கும் சேர்த்து 600, பழுதுபார்ப்புக்கு 1,200 என்று குறைவாகவே வைத்தாலும், கடைசியில் மிஞ்சுவது 11,100 வெள்ளி. மாதத்துக்கு 925. தவணைக்கும் இதற்கும் இடையே மாதந்தோறும் 589 வெள்ளி துண்டு விழுகிறது. அது உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். முகவர் மூலம் புதுக் குடித்தனம் பிடிக்கும் ஆண்டுகளில் ஒரு மாத வாடகை அளவுக்கு அவருடைய கட்டணமும் சேரும்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. தொடக்கத்தில் ஒவ்வொரு தவணையிலும் ஏறக்குறைய 374 வெள்ளி அசலைக் குறைக்கிறது. அது உங்கள் சேமிப்பேதான். ஆகவே 589 வெள்ளியும் நட்டம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் கையிலிருந்து போயாக வேண்டும் என்பதும், அதற்கு மேல் வங்கி வட்டி உயரக்கூடும் என்பதும் உண்மை. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 சதவீதமாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 சதவீதத்தைத் தொட்டு, 2025 ஜூலையில் 2.75 ஆனது. மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏறிய விகிதம் உங்கள் 35 ஆண்டுக் கடன் காலத்தில் மீண்டும் ஏறாது என்று யாரும் உறுதி கூற முடியாது. உங்கள் கடன் வட்டி 4.5 சதவீதமானால் தவணை ஏறக்குறைய 1,620 வெள்ளியாகும். அந்தத் தவணையையும், தொடர்ந்து மூன்று மாதம் வாடகையே வராத நிலையையும் உங்கள் இருவரின் சம்பளம் தாங்குமா என்று இன்றிரவு இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தாங்கும் என்றால் மேலே யோசிக்கலாம். வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலை இருந்தால் இந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, கையிலிருக்கும் 60,000. முன்பணம் 38,000. விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் வழக்கறிஞர் கட்டணம் 2023 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 சதவீதம், இரண்டுக்கும் சேர்த்து 9,025, அதன்மேல் 8 சதவீதச் சேவை வரி. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 சதவீதம், அடுத்த 400,000 வரை 2 சதவீதம் என்பதால் 6,600. கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 1,710. இவை மட்டுமே 56,000 வெள்ளியைத் தாண்டுகின்றன. வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், கடன் காப்புறுதி, மின்விசிறி, விளக்கு, அலமாரி என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. வீடு கைக்கு வரும் நாளில் உங்கள் சேமிப்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

500,000 வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. அதைப் பயன்படுத்தினால் 8,310 வெள்ளி மிச்சமாகும். ஆனால் அது இதுவரை வீடே வைத்திராதவருக்கு, வாழ்க்கையில் ஒரு முறை கிடைக்கும் சலுகை. நீங்களும் கணவரும் சேர்ந்து இருவர் பெயரிலும் வாங்கினால் இருவருடைய சலுகையும் இந்த வாடகை வீட்டிலேயே தீர்ந்துவிடும். நாளை மாமியார் வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு தனியே குடியேற ஒரு வீடு வாங்கும்போது அந்தச் சலுகை இருக்காது. வீட்டுக் கடனும் அப்படித்தான்: 2010 நவம்பர் முதல், ஒருவருடைய மூன்றாவது வீட்டுக் கடன் தொடங்கி விலையில் 70 சதவீதம் வரைதான் வங்கி தர முடியும். கூட்டாக வாங்கும் கடன் இருவர் கணக்கிலும் ஒன்றாக ஏறும். ஒருவருடைய சம்பளத்துக்கே கடன் கிடைக்குமானால் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கி, மற்றவருடைய சலுகையையும் கடன் வாய்ப்பையும் குடியிருக்கும் வீட்டுக்காகக் காத்து வைப்பதே என் பரிந்துரை. யார் பெயரில் வாங்கினாலும் அவர் ஓர் உயில் எழுதி வைப்பது அவசியம். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க நினைத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதல் வீட்டுக்கு எடுத்துவிட்டால், அந்த வீட்டை விற்காமல் இரண்டாவது வீட்டுக்கு எடுக்க இயலாது. சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 சதவீத ஈவு கொடுத்தது. உங்கள் கொண்டோமினியத்தின் மொத்த வாடகை, செலவு எதையும் கழிக்காமலேயே, விலையில் 4.7 சதவீதம்தான். இந்த ஒப்பீட்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விலையை 430,000 என்று எழுதும் யோசனைக்கு வருகிறேன். கேஷ்பேக் என்று இதை இந்தத் தொழிலில் சாதாரணமாகப் பேசுகிறார்கள்; பலர் செய்கிறார்கள் என்பதால் இது தவறில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்மையான விலை 380,000 ஆக இருக்க, வங்கியிடம் 430,000 என்று சொல்லி 387,000 வெள்ளி கடன் வாங்குவது பொய்த் தகவல் கொடுத்துப் பணம் பெறுவதாகும். அது குற்றம். முகவரின் பெயர் அந்தப் பத்திரத்தில் இருக்காது; கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும். நீங்கள் அரசு ஊழியர் என்பதையும் மறக்க வேண்டாம். சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துப் பண அளவில் பார்த்தாலும் இது உங்களுக்குக் கேடுதான். தவணை ஏறக்குறைய 1,714 வெள்ளியாக உயரும். வீட்டின் உண்மை மதிப்பைவிடக் கடன் அதிகம் என்பதால், அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் விற்ற பணம் கடனை அடைக்கக்கூடப் போதாது. கையில் வரும் 7,000 வெள்ளி இனாம் அல்ல. 35 ஆண்டுகளுக்கு வட்டியோடு நீங்களே திருப்பிக் கட்டப்போகும் கடன். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று இந்த வழியில் பல வீடுகளை வாங்கி, கடைசியில் எல்லாவற்றையும் லெலோங் என்னும் ஏலத்தில் இழந்தவர்கள் இந்த நகரத்தில் உண்டு. ஒரு முகவர் முதல் சந்திப்பிலேயே இந்த யோசனையை முன்வைக்கிறார் என்றால், அவர் சொல்லும் மற்ற எண்களையும் நீங்கள் தனியே சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

விலையைச் சரிபார்ப்பது கடினமன்று. விளம்பரங்களில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. உண்மையில் கைமாறிய விலை வேறு. ஜே.பி.பி.எச். என்னும் மதிப்பீட்டுத் துறையின் கீழ் இயங்கும் நேப்பிக் நிலையம் பதிவான விற்பனை விலைகளை வெளியிடுகிறது. அதே கட்டடத்தில், அதே அளவுள்ள வீடுகள் கடந்த ஓராண்டில் என்ன விலைக்குக் கைமாறின என்று அதில் பாருங்கள். வாடகையைப் பொறுத்தவரை, அந்தக் கட்டடத்தில் தற்போது எத்தனை வீடுகள் வாடகைக்கு விளம்பரமாகியிருக்கின்றன, எத்தனை வாரமாக அவை அப்படியே கிடக்கின்றன என்று கவனியுங்கள். செத்தாபாக், வங்சா மாஜு பகுதிகளில் புதிய அடுக்குமாடிகள் தொடர்ந்து எழும்பியிருப்பதால் வாடகைதாரருக்குத் தேர்வு அதிகம். ஒரே கட்டடத்தில் இருபது வீடுகள் காலியாக இருந்தால் 1,500 வெள்ளி கேட்கும் நீங்கள் 1,300க்கு இறங்க வேண்டிவரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வீட்டுக்குள் செலவிடும் நேரத்தைவிட வெளியே அதிக நேரம் செலவிடுங்கள். அடுக்குமாடி வீட்டின் மதிப்பைச் சுவரின் வண்ணத்தைவிட அந்தக் கட்டடத்தின் நிர்வாகமே அதிகம் தீர்மானிக்கிறது. மாலை ஏழு மணிக்கு, எல்லோரும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் போய், மின்தூக்கிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இரண்டு மின்தூக்கியில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறதா, கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஒழுகுகிறதா, குப்பை அறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்புப் பலகையில் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கும். அது நீளமாக இருந்தால் நிர்வாகத்திடம் பணமில்லை என்று பொருள். பணமில்லாத நிர்வாகம் மின்தூக்கியைப் பழுதுபார்க்காது. மின்தூக்கி ஓடாத கட்டடத்தில் பதினைந்தாம் மாடி வீட்டுக்கு வாடகைதாரர் கிடைக்கமாட்டார். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, ஜே.எம்.பி. என்னும் கூட்டு நிர்வாகக் குழு அல்லது எம்.சி. என்னும் நிர்வாகக் கழகம் தணிக்கை செய்த கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். விற்பவரிடமிருந்து அந்தக் கணக்கின் நகலைக் கேட்டு வாங்கி, சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இந்த ஒரு தாளை வாங்கிப் பார்க்காமல் அடுக்குமாடி வீடு வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. காவலாளியிடமும் மாடிப்படியில் எதிர்ப்படும் குடியிருப்பாளரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். விளம்பரத்தில் இல்லாத செய்திகள் அவர்களிடம் கிடைக்கும்.

நிலம் குடியிருப்பு நிலமா, வணிக நிலமா. ஃபிரீஹோல்டு என்னும் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா. குத்தகையானால் எத்தனை ஆண்டு மீதியிருக்கிறது. அந்த வீட்டுக்கென்று தனியே வழங்கப்படும் ஸ்ட்ராட்டா பட்டா வந்துவிட்டதா, அதில் பெயர் மாற்றத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பவற்றை உங்கள் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடிச் சொல்வார். விற்பவரின் வழக்கறிஞரையே நீங்களும் வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கென்று தனி வழக்கறிஞரை அமர்த்துங்கள்.

உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நான் சேர்த்துச் சொல்லும் ஒன்று உண்டு. வாடகைக்கென்று வாங்கினாலும், தேவைப்பட்டால் நீங்களே குடியேறத் தயங்காத வீட்டை வாங்குங்கள். பள்ளிக்கும் கணவரின் வேலைக்கும் அங்கிருந்து போய்வர முடியுமா, பிள்ளையை அங்கே வளர்க்க மனம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைதாரர் கிடைக்காமல் தவணை சுமையாகும்போது விற்று வெளியேறலாம் என்று எண்ணுவது எளிது. ஆனால் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தின் மேல் 30 சதவீதம், நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 சதவீதம் சொத்து ஆதாய வரி உண்டு, ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு அது இல்லை. லாபமே இல்லாமல் விற்றாலும் வாங்கும்போது கட்டிய வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் திரும்பி வராது. நாமே குடியேறிவிடலாம் என்ற வழி திறந்திருந்தால், நட்டத்துக்கு விற்கும் கட்டாயம் உங்களுக்கு வராது.

இனி, வாடகைக்கு விடும் முறை. நம் நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் இன்னும் நடப்புக்கு வரவில்லை. ஆகவே உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அதில் இல்லாதது பிறகு வாக்குவாதமாகும். வழக்கத்தில் இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்பாகவும், அரை மாத வாடகை மின்சாரம், தண்ணீர் வைப்பாகவும், முதல் மாத வாடகை முன்னதாகவும் வாங்குகிறார்கள். 1,500 வெள்ளி வாடகைக்கு இது 5,250. இந்தத் தொகை முழுவதும் கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள். பாதியை இப்போது தருகிறேன், மீதியைச் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்பவரிடம், மீதி வந்ததும் சாவி தருகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம். வைப்புத்தொகை உங்கள் பணமன்று. அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதைச் செலவழித்துவிட்டு, குடித்தனம் போகும் நாளில் இல்லாத சேதத்தைக் கண்டுபிடிக்கும் உரிமையாளர்களைப் பற்றிய புகார்களும் எங்கள் அலுவலகங்களுக்கு வருகின்றன; அந்தப் புகார்கள் நியாயமானவை.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டு ஒப்பந்தமானால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை 3 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி முதல் இல்லை. உங்கள் வாடகைக்கு ஓராண்டுக்கு 72 வெள்ளி, இரண்டு ஆண்டுக்கு 216 வெள்ளி. 2026 ஜனவரி முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்திருப்பதால் கணக்கைச் சரியாகக் காட்டும் பொறுப்பும் நம்முடையது. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் அதைக் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆகவே தொடக்கத்தில் ஓராண்டு, இருவரும் விரும்பினால் இன்னோர் ஆண்டு என்று எழுதுவதே ஏற்றது. உள்வாடகைக்கு விடக்கூடாது, முன்னறிவிப்போடு நீங்கள் வந்து பார்க்கலாம், சிறு பழுதுகளில் எந்தத் தொகை வரை அவர் பொறுப்பு, இடையில் காலி செய்தால் என்ன என்பவற்றை எல்லாம் எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும், குளிர்சாதனத்தையும், குழாயையும் படமெடுத்து, பொருள் பட்டியலோடு சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். மின்கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது. அவர் கட்டாமல் போனால் பாக்கி உங்கள் தலையில் விழாது.

கல்லூரி அருகில் என்பதால் மாணவர்கள் வருவார்கள். ஐந்து பேருக்குத் தனித்தனி அறையாக விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். தேய்மானமும் அதற்கேற்பக் கூடும், நீங்களும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். முழுநேர வேலையில் இருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. முழு வீட்டையும் மாணவர்களுக்கு விடுவதானால், குடியிருக்கும் அனைவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்ற வாசகத்தோடு ஒருவரின் பெற்றோர் உத்தரவாதக் கையெழுத்தும் இருக்கட்டும். நாள் வாடகைக்கு விடும் எண்ணம் வந்தால் முதலில் நிர்வாகத்தின் விதிகளைப் படியுங்கள். மோன்ட் கியாராவிலுள்ள ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடை செய்ய நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை செய்யும் இடத்தின் கடிதம், அடையாள அட்டை நகல், முந்தைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த எண்ணுக்கு உண்மையிலேயே அழைத்துப் பேசுங்கள். வாடகை அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது பாதுகாப்பு. வெளிநாட்டவரானால் கடவுச்சீட்டையும் செல்லுபடியாகும் பெர்மிட்டையும் அசலில் பாருங்கள்; ஆவணமற்றவர்களைத் தங்க அனுமதிப்பது குடிநுழைவுச் சட்டப்படி உரிமையாளரின் குற்றமாகும். இந்தியர்களுக்கு வீடு இல்லை என்ற வாசகத்தை வாடகை விளம்பரங்களில் படித்து நம்மில் எத்தனை பேர் மனம் நொந்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். உரிமையாளராகும் நாளில், எந்த இனத்தவரையும் நீங்கள் அப்படித் தள்ளாதிருக்க வேண்டும் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள். வாடகையைக் கட்டுவாரா என்பதைச் சம்பளச் சீட்டும் முந்தைய உரிமையாளரும் சொல்வார்கள்; பெயரும் நிறமும் அதைச் சொல்லா.

உங்கள் கணவரின் சித்தப்பா மகனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். 1,200 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 14,400; வெளியாருக்கு 1,500 வீதம் பதினொரு மாதத்துக்கு 16,500. ஆண்டுக்கு 2,100 வெள்ளி அவருக்கு நீங்கள் செய்யும் உதவி. அந்த உதவியைச் செய்ய இருவருக்கும் மனமும் வசதியும் இருக்கிறதா என்று முதலில் நீங்களும் கணவரும் பேசி முடிவெடுங்கள். செய்வதென்றால் 1,200 என்று எழுதி, மற்ற எல்லா விதிகளையும் வெளியாருக்குப் போலவே வைத்து, முத்திரையிட்டு ஒப்பந்தம் செய்யுங்கள். மாமியாரிடம் இதைக் கணவரே எடுத்துச் சொல்வது முறை. மருமகள் சொன்னால் அது சொந்தக்காரரை நம்பாததாகத் தோன்றக்கூடும். நான் கையாளும் வாடகைப் பாக்கித் தகராறுகளில் ஆகக் கடினமானவை உறவினர்களுக்கு இடையிலானவைதான். முதல் மாதம் தவறும்போது கேட்கக் கூச்சம். மூன்றாம் மாதம் தீபாவளி வருகிறது, பிறகு கேட்கலாம் என்ற தயக்கம். ஓராண்டுப் பாக்கி சேர்ந்த பிறகு கேட்கும்போது, அவ்வளவு நாள் சும்மா இருந்தது ஏன் என்று எதிர்க்கேள்வி. எழுத்தில் எதுவும் இல்லாததால் வாடகை எவ்வளவு என்பதே தகராறாகிறது.

உறவினரோ வெளியாரோ, வாடகை வரவில்லை என்றால் ஏழாம் நாளே விசாரியுங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் நோய் இருக்கலாம். நியாயமான காரணமானால் தவணையாகக் கட்ட எழுத்து மூலம் வழிசெய்யுங்கள். இரண்டாம் மாதமும் வரவில்லையென்றால் வழக்கறிஞர் கடிதம் அனுப்புங்கள். அதன் பிறகு 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்யக் கோரலாம். வீட்டைத் திரும்பப் பெறத் தனியே வழக்கிடலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வெளியேறாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. கோபத்தில் பூட்டை மாற்றுவதும் அவருடைய பொருள்களை வெளியே வைப்பதும் கூடாது. குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, தங்கியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாக அன்றி வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பூட்டை மாற்றிய காரணத்தால் நீங்கள் பிரதிவாதியாகிவிடக் கூடாது. வழக்கு முடியப் பல மாதங்கள் ஆகும் என்பதால்தான், தொடக்கத்தில் வாங்கும் இரண்டு மாத வைப்பையும் ஆளைத் தேர்ந்தெடுப்பதையும் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வருமான வரியில் வாடகையைக் காட்ட வேண்டும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். கடனின் அசலையும், முதல் வாடகைதாரரைப் பிடிக்கக் கொடுத்த முகவர் கட்டணத்தையும் கழிக்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் வட்டியே பெரிதாக இருப்பதால் உங்களுக்கு வரி வராமல் போகலாம். ஆனால் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ இயலாது. ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

இந்த வீட்டை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. 380,000 வெள்ளி விலையில், 60,000 சேமிப்போடு, 1,500 வாடகைக்கு இது உங்களை இறுக்கிவிடும். இதே கணக்கைப் போட்டு, 300,000 வெள்ளிக்கு உட்பட்ட, எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள, நிர்வாகம் நன்றாக நடக்கும் பழைய அடுக்குமாடிகளைப் பாருங்கள். செந்தூலிலும் வங்சா மாஜுவிலும் தேடலாம். வாங்கி முடித்த பிறகும் ஆறு மாதத் தவணை அளவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக் கெடுவைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு எந்த வீட்டுக்கு முன்பதிவுப் பணம் கட்டினாலும், முகவரின் ரென் என்னும் பதிவு எண்ணை மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தின் பதிவில் சரிபார்த்து, பணத்தை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் பதிவுபெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ உங்கள் வழக்கறிஞரின் கணக்குக்கோ மட்டும் அனுப்புங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்ற வரி இல்லாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.